காசுப்பாய் தைலம்மாள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலையைப் போட்டுவிட்டு மஞ்சக்குப்பம் வரை பஸ் ஏறி வந்திருக்கும் கிள்ளைச் சகோதரிகளே! நான் பொன்னி. கிள்ளை கடலோர மகளிர் கைவினைச் சங்கத்தின் செயலாளர். எனக்கு மேடைப்பேச்சு வராது. கோபம் வரும்.

நம் சங்கத் தலைவி அம்மையார் தைலம்மாள் போய் எட்டு நாள் ஆகிறது. வாசலில் தொங்கும் பேனரில் ‘இயற்கை எய்தினார்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எது ஐயா இயற்கை? கழுத்தில் கத்திரிக்கோல் இறங்குவதா இயற்கை? நம் தையல் கொட்டகையில், பட்டப்பகலில், அவரைக் குத்திக் கொன்றார்கள். பார்த்தவர் யாரும் இல்லை என்று போலீஸ் எழுதி வைத்திருக்கிறது.

தைலம்மாள் யார்? சுனாமியில் ஒரே மகளைப் பறிகொடுத்த தாய். சுவேதாவுக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் நாள் முள்வேலியில் சிக்கிக் கிடந்தாள், உடம்பில் பொட்டுத் துணி இல்லை. அன்றுதான் ரோட்டோரம் லாரி லாரியாகப் பழைய துணி கொட்டினார்கள். புடவை கேட்ட நமக்கு வந்தது என்ன? ஸ்வெட்டர்! கம்பளிக் கோட்டு! நம் ஊர் வெயிலுக்கு! அதிலிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டரை உருவி, மகளைச் சுற்றிப் புதைத்தார் தைலம்மாள். மிச்சக் குவியலைக் கொளுத்த ஊர் ஆட்கள் மண்ணெண்ணெயோடு வந்தபோது குறுக்கே நின்றார்.

“எம் பொண்ணு உடுத்திக்கினு போன துணிடா இது! எவன் நெருப்பு வெக்கிறானோ அவனயும் அதுலயே தள்ளுவேன்!”

நிவாரண முகாமுக்கு வந்த ஸ்வர்ணலதா டீச்சர்தான் ஒரு படம் காட்டினார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஏழைப் பெண்கள் கிழிந்த கம்பளிக் கோட்டின்மேல் செப்புக்காசை வைத்து வட்டம் வட்டமாக வெட்டுவார்களாம். பெரிய வட்டத்தின்மேல் சின்ன வட்டமாக அடுக்கி, ஓரம் தைத்து, மேஜைக்கு விரிப்பு செய்வார்களாம். போருக்குப் போனவர்களின் கோட்டுகூட அப்படி விரிப்பாகியிருக்கிறது என்றார். தைலம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அங்கேயே அவிழ்த்தார். நாலணா ஒரு வட்டம், ஒரு ரூபாய் ஒரு வட்டம், அடியில் டம்ளர் வாய் அளவுக்கு ஒரு வட்டம். அதுதான் நம் முதல் காசுப்பாய்! போன மாதம் நாலணா செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கு என்ன சொன்னார்? “கடையில செல்லாட்டி கெடக்கட்டும், எங்கிட்ட செல்லும்” என்றார்.

சாதுவான மனுஷி என்று இங்கே ஒருவர் புகழ்ந்தார். யார் சாது? நம் மாரியம்மாளின் கணவன் ஒருநாள் குடித்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்து, அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். தைலம்மாள் அவன் கையைப் பலகையில் அழுத்தி, விரல்களுக்கு நடுவே கத்திரியைக் குத்தி நிறுத்தினார். “அடுத்த குத்து நடுவுல வுழாது மச்சான்.” அன்றோடு அவன் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவருடைய அந்தக் கை இருந்ததால்தான் ஆறு வருஷம் நாற்பது பெண்கள் பயமில்லாமல் தைத்தோம்.

பிறகு ஏற்றுமதிக்காரர் ராஜகணேஷ் வந்தார். நம் பாய்களை வாங்கினார், வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பினார். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பாயிலும் ஒரு அட்டை கட்டினார். அதில் என்ன எழுதியிருந்தது? ‘ஆயிரம் ஆண்டுச் சோழர் காலக் கலை’! ஸ்வெட்டர் இல்லை, சுனாமி இல்லை, சுவேதா இல்லை!

எட்டு நாளுக்கு முன் பெங்களூரிலிருந்து பாய் வாங்குகிறவர்கள் கொட்டகைக்கு வந்தார்கள். தைலம்மாள் அவர்கள் முன்னாலேயே அந்த அட்டையைக் கிழித்து ராஜகணேஷின் முகத்தில் எறிந்தார். “சோழன் கிள்ளை வெயில்ல ஸ்வெட்டரா போட்டான்? எம் பொண்ண கடல் முழுங்கினப்ப லாரியில வந்து கொட்டுன கம்பளிடா இது! எம் புள்ள செத்தத நீ அழிச்சி எழுதுவியா?” வந்தவர்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டு காரில் ஏறிப் போனார்கள்.

கார் சத்தம் அடங்குவதற்குள் ராஜகணேஷ் பலகையிலிருந்த கத்திரியை எடுத்தார். ஒரு குத்து இல்லை, மூன்று. ஆமாம், நான் பார்த்தேன்! துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்; என்னோடு இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள், அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். “வாயத் தொறந்தா கொட்டாயோட சேத்து எரிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பயந்துபோய் ஸ்டேஷனில் ஒன்றும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டேன். தூ! எனக்குக் கூலியும் கொடுத்து மானத்தையும் கொடுத்தவளுக்கு நான் செய்த மரியாதை அது!

இன்று தைலம்மாள் படத்துக்கு முதல் மாலை போட்டதும் ராஜகணேஷ்தான். மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

சகோதரிகளே, கொட்டகை நாளைக்குத் திறக்கும். எரித்தால் ரோட்டில் உட்கார்ந்து தைப்போம். ஒவ்வொரு பாயின் முதுகிலும் சுவேதாவின் பெயரைத் தைப்போம், தைலம்மாளின் பெயரைத் தைப்போம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நான் இங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன். பார்த்த இரண்டு பேரின் பெயரை நான் சொல்லமாட்டேன். அவர்களாக எழுந்தால் எழட்டும்.

எழுந்துட்டியா ராசம்மா... வா தாயி. மாரியம்மா, நீயும் எழுந்துட்டியா, வா.

தலைவர் ஐயா, வாசல் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். மூன்றாவது நாற்காலி எழுந்திருக்கிறது.