தேடி முடித்த மணல்

முதலில் தேநீரைக் குடியுங்கள், இராசநாயகம் தம்பி. சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், என் கை அப்படி. மெல்பனில் இருந்து காலை விமானத்தில் வந்திருக்கிறீர்கள், முகத்தில் களைப்புத் தெரிகிறது. உங்கள் அக்கா யோகராணி என்ன சொல்லி உங்களை இங்கே அனுப்பினார் என்று நான் கேட்கப்போவதில்லை. நடந்ததை என் வாயாலேயே சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

விரி என்ற தொழிற்பேட்டையில், ஒரு கிட்டங்கியில் போர்க்லிப்ட் ஓட்டுவது என் பிழைப்பு. சனி, ஞாயிறு வந்தால் உலோகம் தேடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். மற்றவர்கள் புது இடம் தேடி அலைவார்கள். நான் பிறர் தேடி முடித்த இடத்துக்குத்தான் போவேன். அவசரக்காரர்கள் துருப்பிடித்த ஆணியின் கரகரப்பைக் கேட்டவுடன் கருவியின் அடித்தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பால் போய்விடுவார்கள். நல்ல காசு அந்த ஆணிக்குக் கீழேதான் படுத்திருக்கும். சின்னத் தட்டைப் பூட்டி, ஆமை மாதிரி நகர்ந்து, இரும்பின் இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய சத்தத்தைப் பிடிக்க வேண்டும். மரைடாய் கடற்கரையில், பழைய மரங்களின் கீழே, எல்லோரும் கைவிட்ட மண்ணில் இருந்து ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட வெள்ளிக் காசுகளை எடுத்திருக்கிறேன். அதோ அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன, பிறகு பாருங்கள்.

அதே கடற்கரையில்தான், இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு உங்கள் அக்காவின் தாலிக்கொடி தொலைந்தது. கடலில் குளித்து, கால் கழுவி, காருக்கு வந்த பிறகுதான் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிந்ததாம். மனுரேவாவில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் நான் இருக்கிறேன். கோயிலில் ஒரே வரிசையில் நின்று விபூதி வாங்கியிருக்கிறோம். ஆனால் அவர்கள் முதலில் கூப்பிட்டது என்னை அல்ல, எங்கோ இருந்த ஒரு வெள்ளைக்காரரை. அவர் பின்னேரம் முழுவதும் தேடிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு இந்தச் சோதிலிங்கத்தின் ஞாபகம் வந்தது.

மறுநாள் போனேன். காதில் ஹெட்போன் இருந்ததால் எனக்குக் கேட்காது என்று உங்கள் அத்தான் குமாரசாமி நினைத்துவிட்டார்.

"வெள்ளைக்காரன் பாத்து இல்லையெண்ட இடத்தில இவர் என்னத்தைக் கிழிக்கப்போறார்? சரி, வந்திட்டார், பாத்திட்டுப் போகட்டும்."

என் காது நல்ல காது, தம்பி.

கால் கழுவும் குழாயடியில் மண்ணுக்குள் ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது. அதன் பக்கத்தில் கருவி சும்மா கத்திக்கொண்டே இருக்கும். வெள்ளைக்காரர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். நான் போனேன். இரைச்சலுக்குள் ஒரு சின்ன மாற்றம். அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து மணலைக் கிளறினேன். கொடி என் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது. அதை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, "இண்டைக்கு அம்பிடேல்லை" என்றேன்.

ஒரு கிழமை தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை உங்கள் அக்கா தானாகவே என் வீட்டு வாசலுக்கு வந்தார். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்து, "சோதி அண்ணை, உங்களைத்தான் நம்பியிருக்கிறன்" என்றார். எனக்கென்று ஒருவர் சமைத்துக் கொண்டுவந்தது எத்தனை காலத்துக்குப் பிறகு என்று உங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு சனிக்கிழமைதோறும் இருவரும் மரைடாய்க்குப் போனோம். நான் தேடிய மணலையே திரும்பத் திரும்பத் தேடினேன். அவர் பக்கத்தில் நடந்துகொண்டே ஊர்க்கதை கதைப்பார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கொடியை நான் கண்ட கண்ட இடத்தில் போட்டுவைக்கவில்லை. சாமி அறையில், வெள்ளித்தட்டில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் கொடியில் கோத்திருந்த, பிள்ளையார் உருவம் பதித்த தாலிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இன்னொருவரின் தாலியைப் பொட்டில்லாமல் வைத்திருப்பது பாவம். களவெடுத்தவன் அப்படிச் செய்வானா?

அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்பதும், அக்காவினுடையது அவருக்குப் பொருந்தும் என்பதும், ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மணலில் நடக்கும்போது அக்காதான் சொன்னார்.

"தாலி துலைஞ்ச நேரத்தில நான் எப்பிடி அண்ணை ஒப்பரேசனுக்குப் போறது? அவருக்கு ஏதும் நடந்தா என்ரை பிழைதானே. முதல்ல அது கிடைக்கட்டும்."

தாலிக்குப் பதிலாக மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாளைத் தள்ளிப்போட்டார். மறுபடியும் தள்ளிப்போட்டார். மருத்துவர்கள் சொல்லியும் கேட்காதவர், நீங்கள் போனில் கெஞ்சியும் கேட்காதவர், என் கருவியை நம்பினார் என்றால் அது என் குற்றமா?

ஒரு சனிக்கிழமை அத்தானும் கூடவே வந்தார். வீங்கிய கால்களை நீட்டி மடக்குக் கதிரையில் இருந்தார். அக்கா வாகனத்தில் சாப்பாடு எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"சோதி, நீ சொன்னா அவ கேப்பா. அது கடலோட போயிட்டுது, இனிக் கிடைக்காது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. மனம் விட்டிட்டு ஒப்பரேசனுக்கு வருவா. நான் சாக விரும்பேல்லை."

என்னத்தைக் கிழிக்கப்போறார் என்று கேட்ட அதே வாய். அவர் கையை நான் உதறவில்லை. அக்கா சாப்பாட்டோடு வந்ததும், அத்தான் முன்னாலேயே அவரிடம் சொன்னேன். "தங்கச்சி, கட்டாயம் கிடைக்கும். விட்டிடாதேங்கோ." அதில் பொய் எங்கே இருக்கிறது? கிடைக்கும் என்பது எனக்குத்தானே தெரியும்.

அடுத்த ஆடியில் அத்தான் கிருமி தொற்றிப் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். அவர் நெஞ்சில் வைக்கத் தாலி இல்லாமல் அக்கா மஞ்சள் கயிற்றை அறுத்து வைத்ததைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், அதையும் மறந்துவிடாதீர்கள்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் நின்றுபோயின. நான் போன் எடுத்தால், "இனி அது என்னத்துக்கு அண்ணை" என்பார். அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டது. சென்ற சனி காலையில் கொடியைக் கழுவித் துடைத்து, குழாயடியில் புதைத்து, மேலே இரண்டு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு மூடினேன். கடைசியாக ஒரு தரம் என்று சொல்லி அக்காவை அழைத்துப் போனேன். அவர் கண்ணுக்கு முன்னாலேயே தோண்டினேன். எத்தனை பேர் தேடி முடித்த மணல் என்று சொல்லிக்கொண்டே கொடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அழுவார், கும்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தாலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பை நகத்தால் மெல்லச் சுரண்டினார். நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியது.

"சோதி அண்ணை, இதில குங்குமம் இருக்கு. கடல் மண்ணுக்குள்ள கிடந்த தாலிக்கு ஆர் அண்ணை பொட்டு வைச்சது?"

நான் ஒளிக்கவில்லை. முதல் நாளில் இருந்தே என்னிடம்தான் இருந்தது என்று சொன்னேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீதிப் பக்கமாக நடந்தார். அவ்வளவு தூரம் நடக்க முடியாது, வாகனத்தில் ஏறுங்கள் என்று பின்னால் போய்ச் சொன்னேன். திரும்பியும் பார்க்கவில்லை.

பொலிசுக்குப் போவதானால் தாராளமாகப் போங்கள். எடுத்தேன், வைத்திருந்தேன், அத்தான் கேட்ட ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டேன், அவர் சாவார் என்று தெரிந்துதான் விட்டேன். எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தருகிறேன். ஆனால் எல்லோரும் இல்லை என்று போன இடத்தில் அதைக் கண்டெடுத்தவன் நான். அதை ஒருவரும் மறுக்க முடியாது.

தேநீரை நீங்கள் தொடவே இல்லை. சரி, போங்கள். அக்கா இப்போது அந்த வீட்டில் தனியாக இருப்பார். வேறு ஏதாவது தொலைந்தால் இந்த முறை வெள்ளைக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.