இன்ஸ்பெக்டர் ஐயாவின் முறுக்கு டின்

மலாயாவின் லாபிஸ் ஸ்டேஷனில் நான் ரயில் ஏறியபோது எதிர்ப் பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்டவாளத்தைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர்களை டிராலியில் வைத்துத் தள்ளுகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"எங்க ஐயா ஒரு முறுக்கு தின்னா எனக்கு முழங்கால் வலிக்கும், அண்ணே," என்றார் குட்டையானவர்.

நான் ஜன்னலை மறந்தேன்.

"இப்பவும் திங்கறாரா?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"எங்க திங்கறது? தொப்பையைக் குறைக்கலன்னா பாதை வேலை கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா வீட்டம்மா தினமும் டின்னு நிறைய முறுக்கும் பயத்தம் பணியாரமும் குடுத்து விடுறாங்க. வேணாம்னு சொல்ல ஐயாவுக்குப் பயம். யாழ்ப்பாணத்துக்காரரு இல்ல? 'நான் கெஞ்சிக் கேட்டாலும் தராதை, கண்டியோ'ன்னு டின்னை என்கிட்ட குடுத்துட்டாரு."

"கேட்டாரா?"

"முதல் மைல்கல்லு தாண்டுறதுக்குள்ள கேட்டாரு. இருந்தாத்தானே குடுக்கறதுக்கு? நான் தின்னுட்டேன்."

"தினமுமா?"

"ரெண்டு மாசமா. ஐயா பெல்ட்டுல மூணு ஓட்டை உள்ள போயிருச்சு."

"அப்போ தள்றதுக்கு லேசா இருக்குமே?"

குட்டையானவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நேத்து மேட்டுல எனக்கு மூச்சு வாங்கிருச்சு, அண்ணே. ஐயா இறங்கி, என்னை மேல உக்கார வச்சு, அவரே தள்ளினாரு."

"நீ சும்மா உக்காந்துட்டு வந்தியா?"

"சும்மா எப்படி? டின்னு மடியிலதானே இருந்துச்சு."