முன்னுரை இல்லாத கட்டுரை

சிவப்பு மையை நான் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவேன். சக்காமார்கா பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்பானிய மொழி ஆசிரியர். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். விசாரணை அதிகாரி ஐயா, உங்களுக்குப் பாலத்தைப் பற்றித் தெரிய வேண்டும். பாலம் அறுந்தது, பதினான்கு பிள்ளைகள் கீழே பாறையில் விழுந்து இறந்தார்கள். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை இல்லாமல் சொன்னால் உண்மைகூடப் புலம்பலாகிவிடும்.

ஜூலை இருபத்தெட்டு, சுதந்திர தினத்தன்று பள்ளி முழுவதும் தொங்குபாலத்தைக் கடந்து சதுக்கத்துக்கு அணிவகுத்துப் போகும். அதற்கு முந்தைய திங்கட்கிழமை, கொடியேற்றத்தின்போது, மேயர் முன்னால் ஒரு மாணவரின் கட்டுரை வாசிக்கப்படும். மேயர் எழுந்து போகாமல் பிறர் பேசுவதைக் கேட்பது ஆண்டுக்கு அந்தப் பத்து நிமிடம்தான். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பவன் நான்.

நேலிதா சுல்காவின் அப்பா பாலத்தின் கம்பிவடங்களுக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்தவர். வடத்தில் மூன்று இழை அறுந்துவிட்டது என்று மேயரிடம் போய்ச் சொன்னார். பாலத்தின் கல்வெட்டில் இருப்பது மேயரின் பெயர். மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை. ஆகவே மகள் கட்டுரை எழுதினாள்.

முதல் வரியே, 'மூன்று இழை அறுந்துவிட்டது, யாரும் பாலத்தில் போகாதீர்கள்' என்றிருந்தது. இருபதுக்கு எட்டு போட்டேன்.

"முன்னுரை எங்கம்மா?"

"அதுல என்ன சார் எழுதணும்?"

"பாலம்னா என்ன, மனுச நாகரிகத்துல அதுக்கு என்ன எடம், அதெல்லாம். படிக்கிறவங்களக் கையப் பிடிச்சு மெதுவாக் கூட்டிட்டு வரணும்."

"மெதுவாக் கூட்டிட்டு வந்தா அதுக்குள்ள விழுந்துடும் சார்."

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் இருந்த ரோமுலோ, "ஏய் கிரீஸு, வேல போன கடுப்புல உங்கப்பாவே கடிச்சு அறுத்திருப்பாரு" என்றான்.

"உன் வெயிட்டுக்குத்தான்டா மூணு அறுந்துச்சு. நீ இந்தக் கரையிலயே கெட."

இருவருக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தேன். ரோமுலோ அந்தப் பதினான்கு பேரில் ஒருவன்.

அவள் திருத்தி எழுதிய இரண்டாவது படியில் முன்னுரை வந்துவிட்டது. முன்னோர்கள் புல்லில் கயிறு திரித்துக் கட்டிய பாலங்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் கருத்தும் சான்றும் ஒரே பத்தியில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. பதினொன்று. மூன்றாவதில் முடிவுரை இல்லை.

"முடிவு இன்னும் வரலையே சார்" என்றாள்.

அதிகாரிகள் ஆவன செய்வார்கள் என்று நம்பிக்கையோடு முடிக்கச் சொன்னேன். நான்காவது படியை வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்தாள். முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை. என் பணிக்காலத்தில் அவ்வளவு ஒழுங்கான கட்டுரையை நான் பார்த்ததில்லை. பதினெட்டு போட்டேன். ஆனால் நிகழ்ச்சி நிரல் அன்று காலையே அச்சாகியிருந்தது. திங்கட்கிழமை, நம் தேசியச் சின்னத்தில் உள்ள விகுன்யாவைப் பற்றி வேறொரு மாணவி வாசித்தாள். சாதுவான விலங்கு, சாதுவான கட்டுரை. மேயர் மனம்விட்டுக் கைதட்டினார். தலைமையாசிரியர் பதவிக்கு என்னைச் சிபாரிசு செய்யும் கடிதம் அப்போது அவர் மேசையில்தான் இருந்தது. அது இந்தப் பொருளோடு சேராத விவரம்; கட்டுரையாக இருந்தால் அடித்துவிடுவேன்.

பள்ளியில் அதிக மதிப்பெண் வாங்கியவர் அணிவகுப்பின் முன்னால் கொடி பிடிக்க வேண்டும். பதினெட்டைத் தாண்டியவர் யாரும் இல்லை.

"கொடி வேணாம் சார். அந்தக் கட்டுரைய மட்டும் யாராச்சும் படிச்சாப் போதும்."

"நான் படிச்சேனேம்மா" என்றேன். அது உண்மை.

நேலிதா கொடிக்கம்பு வடத்தில் சிக்கியதால் பிழைத்தாள். அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டினீர்கள். முன்னுரையே இல்லை, எடுத்த எடுப்பில் என் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்ததில் ஆரம்பிக்கிறது. நனைந்துதான் இருந்தது. அன்று நான் பிள்ளைகளோடு வரவில்லை. மேலே ஆறு அகன்று ஆழம் குறையும் இடத்தில் இறங்கிக் கடந்து வந்தேன். ஒரு மணி நேரச் சுற்று. முதல் படியைத் திருத்திய நாளிலிருந்தே அந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தேன். மாணவர் எழுதுவதை ஆசிரியர் பொருட்படுத்த வேண்டாமா?

பாலத்தின் வாயில் அவள் நின்றுவிட்டாள். பின்னால் டிரம்ஸ் முழங்க, முழங்கால் மடங்காமல் காலை உயர்த்தி வந்த இருநூறு பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். வரிசை கோணிப்போயிற்று. அவள் அக்கரையிலிருந்து என்னையே பார்த்தாள்.

"என்ன வாத்தியாரே, உங்க புள்ளைங்க ஆட்டு மந்தையாட்டம் நிக்குதுங்க?" என்றார் பக்கத்தில் நின்ற மேயர்.

நான் கையை உயர்த்தி அசைத்தேன். அவள் காலெடுத்து வைத்தாள்.

தயவுசெய்து இதைச் சரியாகப் பதிவுசெய்யுங்கள், ஐயா. பாலத்தைக் கடக்கும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. வரிசையை நேராக்கச் சொல்லித்தான் கையசைத்தேன்.