மேல்தளத்து வெக்கை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிக்கலாம்.

எங்கள் கிடங்கை நேற்று வந்தபோது பார்த்திருப்பீர்கள். நல்ல உயரம், தகரக் கூரை. சூடெல்லாம் எழும்பிப் போய்க் கூரைக்கடியில் தங்கிவிடும். கீழே பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரும்பு மேல்தளத்தில் தனியாக உட்கார்ந்து சரக்கைச் சரிபார்க்கும் பெரியவருக்குத்தான் தலை கொதிக்கும். அதற்காகத்தான் போன வருடம் கூரையிலிருந்து ராட்சத விசிறிகளைத் தொங்கவிட்டார்கள். மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் மேலே தேங்கிய சூட்டைக் கீழே இருக்கிற குளிர்ச்சியோடு கலந்து, கட்டடம் முழுக்க ஒரே பதமாக்கிவிடும். அவற்றை ஓட்டுவது என் வேலை.

விசிறிகள் வருவதற்கு முன்னால், மதியமானால் பெரியவர் படியிறங்கி என் சுவிட்ச் அறைக்கு வந்துவிடுவார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, மேல என்னைத் துவைச்ச துணி மாதிரி காயப்போட்டிருக்காங்கப்பா" என்பார். டீ குடிப்போம். மகளைப் பற்றிப் பேசுவார். "மருமகன் குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லுது" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். மனைவி பிரிந்து போனபிறகு என் வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதனால் அந்த மதியங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

விசிறிகள் ஓட ஆரம்பித்ததும் அவர் வருவது நின்றது. ஒருநாள் வாசலில் பிடித்துக் கேட்டேன்.

"என்ன, ஆளையே காணோம்?"

"மேலயே ஜில்லுனு இருக்கே தம்பி. இந்த முட்டியை வச்சுக்கிட்டு எதுக்குப் படி இறங்கணும்?"

நியாயமான பதில். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் தலைக்கு மேலிருந்த விசிறியை மட்டும் நிறுத்தினேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பேரிங் கோளாறு என்று சொல்லி, டீ வாங்கி வைத்தேன். பழையபடி பேசிக்கொண்டிருந்தோம். அதன்பிறகு அவ்வப்போது பேரிங் கோளாறு வந்தது. அடிக்கடி இல்லை, மனசு கேட்காத நாட்களில் மட்டும்.

ஒருதரம் வந்தவர் டீயைத் தொடவில்லை. முகம் வெளுத்திருந்தது. "நெஞ்சு படபடங்குதுப்பா. சூடு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நல்ல மெக்கானிக்காப் பார்த்துக் கூப்பிடேன்" என்றார். சரி என்றேன். ஆக, அவர் உடம்பு எனக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

வேலையை விட்டு நின்று மகள் வீட்டோடு போகப்போகிறார் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வாசல் காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மறந்திருப்பார், வயதானவர்தானே.

நேற்று அவருக்குக் கடைசி நாள். கொஞ்சம் சீக்கிரம் வரட்டும், கொஞ்சம் அதிகநேரம் இருக்கட்டும் என்று எல்லா விசிறிகளையும் நிறுத்தினேன். கூரைச் சன்னல்களையும் மூடினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பொட்டலம் கட்டுகிறவர்கள் சாப்பிடப் போனார்கள். இரண்டு கிளாஸில் டீ ஊற்றி வைத்துக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. மேலிருந்து ஃபோன் வந்தது.

"தம்பி, ஃபேனைப் போடுப்பா. மூச்சு முட்டுது."

"கீழ வாங்க. இங்க ஜில்லுனு இருக்கு."

"கால் நிக்கலப்பா. கண்ணு இருட்டுது. போட்டு விடுப்பா."

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "டீ ஆறுது, வாங்க" என்றேன்.

எல்லாம் முடிந்தபிறகு விசிறிகளைப் போட்டு, சன்னல்களைத் திறந்து, மேல்தளம் பழைய பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் காவலாளியைக் கூப்பிட்டேன். அவர்கள் ஏறிப் பார்த்தபோது அங்கே ஒரு குறையும் இல்லை. வயசு, மாரடைப்பு என்றார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனீர்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இன்று நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் மகள், "எங்கப்பா யாருமில்லாம தனியாப் போயிட்டாரே" என்று அழுதார்களே, அது சரியில்லை. அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் பேச்சு நின்றபிறகும், மூச்சுச் சத்தம் நிற்கும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நான் கூடவேதான் இருந்தேன்.