மூணாவது பட்டையும் ராணியோட காதும்

கைதட்டினது போதும், உக்காருங்க... இப்பதான் நம்ம மில் மேனேஜர் ஐயா, வெள்ளியங்கிரி அண்ணனுக்குப் பொன்னாடை போத்தி, "நீங்க இல்லேன்னா இந்த மில்லே இல்ல"ன்னு சொன்னாரு. அண்ணன் கண்ணுல தண்ணி. எனக்கும் வந்துச்சு... ஆனா வேற காரணத்துக்கு. அது என்னன்னு சொல்லணும்னா ஒரு பட்டாளத்துக் கதை சொல்லணும். சின்னதுதான், டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன்.

இருளப்பன்னு ஒருத்தர், உசிலம்பட்டிப் பக்கம். பட்டாளத்துல நாயக். நாயக்னா சட்டைக் கையில ரெண்டு பட்டை. மூணாவது பட்டை வந்தா அவில்தார். அது சும்மா வருமா? தலைமைப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, போய்ப் பாஸ் பண்ணணும். வயசு தாண்டிட்டா அதுக்கும் விடமாட்டாங்க. ரெண்டு பட்டையோட வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இவரு இருந்தது மலை மேல ஒரு முகாம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கீழேருந்து மேல போகணும். லாரி போகாது. ஜீப் போகாது. எது போகும்? கோவேறு கழுதை போகும். அதுல ராணின்னு ஒண்ணு. ராணி முன்னால நடந்தாத்தான் மத்ததெல்லாம் பின்னால நடக்கும். ஆனா ராணி லேசுல நடக்காது. சர்தார் ஒருத்தர் இழுத்துப் பாத்தாரு... நிக்குது. பீகார்க்காரர் ஒருத்தர் தள்ளிப் பாத்தாரு... நிக்குது. நம்ம இருளப்பன் வருவாரு. அது காதுகிட்டக் குனிஞ்சு மெதுவா ஏதோ சொல்லுவாரு. அவ்வளவுதான், ராணி கல்யாண ஊர்வலம் மாதிரி கிளம்பிடும். என்னய்யா சொன்னேன்னு கேட்டா, தொழில் ரகசியம்னு மீசையை முறுக்குவாரு.

வருஷா வருஷம் மேஜர்கிட்டப் போயி, என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்க சாப்னு நிப்பாரு. மேஜர் எந்திரிச்சு வருவாரு. தோள்ல கையை வெப்பாரு. அவர் இந்தியிலதான் சொல்லுவாரு, உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன். "இருளப்பன்... நீ இல்லேன்னா இந்த முகாமே இல்லப்பா." முடிஞ்சுது. நம்மாளுக்கு நெஞ்சு இத்தனை அகலம் ஆயிடும். நேரா வந்து ராணி முதுகுல மூட்டையை ஏத்துவாரு.

சரி, பயிற்சிக்கு யாரையாவது அனுப்பியாகணுமே? ஏழுமலைன்னு ஒரு பையன், வேலூர்ப் பக்கம். சப்பாத்தி சுடச் சொன்னா கருக்குவான். காவலுக்கு நிக்கச் சொன்னா நின்னுக்கிட்டே தூங்குவான். அவன் இல்லேன்னா முகாமுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. போயிட்டு வாப்பான்னு அனுப்பிட்டாங்க. மூணு பட்டையோட வந்தான். அப்புறம் மலையேறுற பயிற்சி... அனுப்பு ஏழுமலையை. சமையல் பயிற்சி... அனுப்பு ஏழுமலையை. பனியில சறுக்குற பயிற்சி... ஏழுமலையை விட்டா வேற யாரு சும்மா இருக்கா? போயிப் போயி, கடைசியில அந்தப் பயிற்சிப் பள்ளியிலயே அவனை வாத்தியாரா வெச்சுக்கிட்டாங்க.

இருளப்பனுக்குப் பயிற்சிக்குப் போற வயசுல கடைசி வருஷம் வந்துடுச்சு. ஊர்லேருந்து சம்சாரம் போன் பண்ணுது. அந்தம்மா சண்டை போடல, அழுகல. "ஏங்க, மக கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்கு முன்னாடி அவில்தார்னு போடலாமா, நாயக்னே போடவா? அச்சாபீஸ்ல கேக்குறாங்க."

மனுஷன் போனை வெச்சாரு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடுறதுன்னு மேஜர்கிட்டப் போனாரு. மேஜர் எந்திரிச்சாரு. தோள்ல கை. "இருளப்பன், நீ இல்லேன்னா..."

என்ன பண்ணினாரு தெரியுமா? சந்தோஷமாத் திரும்பி வந்துட்டாரு. எதுக்குப் போனோம்கிறதே மறந்துபோச்சு. வந்து மூட்டையை ஏத்தினாரு. ராணி காதுகிட்டக் குனிஞ்சாரு. அந்தத் தொழில் ரகசியத்தை ஆரம்பிச்சாரு...

"ராணி... நீ இல்லேன்னா இந்த முகாமே இல்லடி..."

அப்படியே நின்னுட்டாரு. ராணி திரும்பி அவரைப் பாத்துது. அவரு ராணியைப் பாத்தாரு. அப்புறம் மேஜர் கை வெச்ச தோளை மெதுவாத் தடவிப் பாத்துக்கிட்டாரு.

அன்னிக்கே எல்லாரையும் கூப்பிட்டு ரகசியத்தைப் போட்டு உடைச்சாரு. சர்தார் பஞ்சாபியில சொன்னாரு... ராணி நடந்துது. பீகார்க்காரர் அவங்க பாஷையில சொன்னாரு... நடந்துது. மேஜர் நம்பல. அவரே வந்து ராணி கழுத்துல கையை வெச்சுச் சொன்னாரு. அவருக்குத்தான் நல்ல பழக்கமாச்சே... ராணி ஓடவே ஓடுச்சு. இருளப்பன் விறைப்பா நின்னு, இப்ப நான் இல்லேன்னாலும் முகாம் இருக்கு சாப்னாரு. மேஜர் அங்கயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு.

பயிற்சிப் பள்ளி வாசல்ல யாரு நிக்கிறான்? ஏழுமலை. இருளப்பனுக்கு வயித்தெரிச்சல். நீ எப்படிடா இவ்வளவு தூரம் வந்தேன்னு கேட்டாரு. அவன் சிரிக்கவே இல்ல.

"நீ இல்லேன்னா முடியாதுன்னு என்கிட்ட யாருமே சொன்னதில்லண்ணா. அதனால என்னை யாரும் கட்டி வெக்கல."

அவரு பாஸ் பண்ற வரைக்கும் அச்சாபீஸ் காத்திருந்துது. பத்திரிகையில அவில்தார் இருளப்பன்னுதான் அச்சாச்சு, கவலைப்படாதீங்க.

சிரிக்கிறீங்க... யாரைப் பாத்து? நான் ஊருக்குப் போனா வீட்டுல அடுப்பு எரியாதுன்னு சொல்ற அம்மாமாரே, நான் லீவு போட்டா செக்‌ஷன் நின்னுடும்னு சொல்ற அண்ணன்மாரே, யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க? பாராட்டு வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா சொல்றவன் கை தோள்ல இருக்கும்போது, நம்ம முதுகுல என்ன ஏறுதுன்னு ஒரு தடவை பாக்கணுமா இல்லையா? ஏத்துறவன் மேல மட்டும் தப்பில்லீங்க. ரகசியம்னு மீசையை முறுக்கினது யாரு?

வெள்ளியங்கிரி அண்ணே... இருபத்தஞ்சு வருஷமா அதே மிஷின். சூப்பர்வைசர் பயிற்சிக்கு உங்களுக்குப் பின்னால வந்த எத்தனை பேரு போயிட்டாங்க? பொன்னாடையைப் பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலையில அந்த மிஷினோட வித்தையைப் பக்கத்து மிஷின்காரங்களுக்குச் சொல்லிக் குடுங்க. குடுத்துட்டு நேரா ஐயா ரூமுக்குப் போங்க. ஐயா நல்லவரு, எந்திரிச்சு வருவாரு. தோள்ல கை வெக்க வந்தாருன்னா...

ஒரு அடி பின்னால தள்ளி நின்னுக்கங்கண்ணே.