மூன்று வீடுகளும் ஓர் அறையும்

சின்ன வீடு வரைவதுதான் என் தொழில் என்று சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நான் அந்தச் சின்ன வீட்டைச் சொல்லவில்லை, ஐயா. ஒரு குடும்பம் இருந்த மனையில் நான்கு குடும்பங்களைத் தோளோடு தோள் இடிக்காமல் குடிவைப்பதைச் சொல்கிறேன். மாடிப்படிக்கு அடியில் கழிப்பறை வரவேண்டும். சமையலறைக் கதவு திறந்தால் ஃபிரிட்ஜில் மோதக் கூடாது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். கையகலம் தப்பினால் ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க முட்டிக்கொண்டு கிடக்கும்.

எங்கள் தெருவில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்று வெகுகாலம் விதி இருந்தது. அப்பா விட்டுப்போன வீட்டில் முன்பாதியில் நானும் என் மனைவியும். பின்னால் ஓர் அறையில் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி போனபிறகு தனி ஆள். அவர் இரட்டை டியூட்டி பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பிறகு நகராட்சி விதியை மாற்றியது. ஒரு மனையில் நான்கு வீடுகள் கட்டலாம். அடுத்த தேர்தலோடு இதுவும் போய்விடும் என்று தொழிலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காற்றுள்ளபோதே தூற்ற வேண்டாமா? வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்க ஸ்கேலு," என்றார். சிறு வயதில் அவர் எனக்கு வைத்த பெயர். "இதுல என் ரூம் எங்க?"

"உங்களுக்கு மாடியில புதுசா வருதுண்ணா."

"வேண்டாம்டா. உங்க அண்ணி கண்ண மூடின ரூம் அது. நானும் போனப்புறம் இடிச்சுக்கோ. அதுவரைக்கும் விட்டுடு."

சரி என்றேன். வீட்டில் பாதி அவருடையது. அவர் சம்மதிக்காமல் இடிக்கவும் முடியாது. அறையை அப்படியே விட்டு, சுற்றி மூன்று வீடுகள் கட்டினேன். ஒன்றில் நாங்கள் குடியேறினோம். நான்காவது வீட்டுக்குப் படிக்கட்டு வரவேண்டிய இடத்தில் அது சோற்றில் கல்லாகக் கிடந்தது.

புது விதியில் பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடைவெளியைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அவருடைய கிழக்குச் சன்னலுக்கு நேரே சுவர் எழுந்தது. கார் நிறுத்த இடம் விடவேண்டாம் என்றார்கள். அவர் செடி வைத்திருந்த பின்முற்றம் போயிற்று. எல்லாம் விதிப்படிதான். அறை என்றால் வானம் பார்த்த திறப்பு ஒன்று வேண்டும் என்ற விதி மட்டும் மாறவேயில்லை. அதனால் கடைசிச் சன்னலுக்கு வெளியே கிணறு போல ஒரு டக்ட் விட்டேன். ஆய்வாளர் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டிப்போவுல நிக்கிற வண்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குடா," என்று ஒருநாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மழை தெறிக்கிறது என்று அவர்தான் குறைபட்டுக்கொண்டார். ஆகவே டக்டின் உச்சியைக் கண்ணாடியால் மூடினேன். மூன்று வீடுகளின் குளியலறைக் கேஸ் ஹீட்டர்கள் நச்சுப்புகையை விடும் குழாய்களும் அதற்குள்தான் திறக்கின்றன. வரைந்தவன் நான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது.

குளிர் தொடங்கியது. மூன்று வீட்டிலும் இருட்டு விலகுவதற்குள் வெந்நீர் ஓடும்.

"காலைல எந்திரிச்சா தலை விண்ணு விண்ணுனு தெறிக்குதுடா. நடந்தா தள்ளுது," என்றார் அண்ணன்.

"வயசாகுது இல்லண்ணா. சன்னல நல்லாத் திறந்து வெச்சுட்டுப் படுங்க."

படித்தவன் சொல்கிறான் என்று அவர் என் பேச்சைக் கேட்பார். அன்றிலிருந்து திறந்து வைத்தே படுத்தார்.

விதியைத் திரும்பப் பெறப்போகிறார்கள் என்ற செய்தி அந்த வாரத்தில்தான் வந்தது. நான் ஏணி போட்டு ஏறி, கண்ணாடியின் ஓரங்களில் புகை போக விட்டிருந்த இடுக்குகளைப் பசை வைத்து அடைத்தேன். நேர்த்தியான வேலை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் விடியுமுன் என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் ரூம்ல ஏதோ விழுந்த மாதிரி இல்ல?"

"தூங்கட்டும் விடு. எழுப்பாத."

அவள் படுத்தாள். நான் குளிக்கப் போனேன். வெந்நீரை வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடவிட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். விதியும் போய்விட்டது. அங்கே நான்காவது வீடு இனி வராது. இடிக்க ஆளில்லாமல் அந்த அறை அப்படியே நிற்கும். எதையும் மறுக்கவில்லை. அவர் துடித்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். தூக்கத்திலேயே போனார், அப்படியொரு சாவு யாருக்கு வாய்க்கும்?

கதவருகில் கிடந்தார், தாழ்ப்பாளில் கை இருந்தது என்கிறீர்கள். இருக்கும், ஐயா. பஸ் ஓட்டின பழக்கம், அண்ணன் எப்போதும் சீக்கிரம் எழுகிறவர். விடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.