ஐந்தாவது செய்தி

பட்டியலை ஒட்டிய பசை காய்வதற்குள் என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. "சத்தமா படி புள்ள, இங்க ஒண்ணும் கேக்கல" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சத்தமாகத்தான் படித்தேன். மும்பை கோவண்டியில், ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கிற எங்கள் சாலில் மொத்தம் இருபத்தாறு வீடு. அதையெல்லாம் இடித்துவிட்டுக் கட்டப்போகிற பில்டிங்கில் யாருக்கெல்லாம் வீடு உண்டு என்பதுதான் பட்டியல். தகுதி உள்ளவர்கள் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. என் வாப்பாவின் பெயர். மற்ற இருபத்தைந்து எண்களுக்கும் எதிரே ஒரே வாசகம்: சர்வேயின்போது வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு சைனப் மாமி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "பதினேழாம் நம்பரை நல்லாப் பாரு புள்ள. என் வீட்டை எவன் பூட்டுனான்? மாமா உள்ளதானே கெடந்தாரு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு மாமி" என்றேன்.

அது உண்மை. அப்படித்தான் எழுதியிருந்தது.

வரிசையாகச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கமாட்டீர்கள். இதை மராத்தியில் எழுதினால் எம்.எல்.ஏ. மேடத்தின் ஆபீசில் படித்துவிடுவார்கள். எங்கள் சாலில் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் ரொம்பக் கம்மி. அதனால் தமிழில் எழுதுகிறேன். வாப்பாவின் குறட்டை நிற்கிற வரைக்கும் எழுதலாம்.

நான் ஏழாவது வரை முனிசிபல் தமிழ் ஸ்கூல். அப்புறம் மராத்தி ஸ்கூல். எம்.எல்.ஏ. மேடம் மாதா மாதம் மராத்தியில் நாலு பக்க நோட்டீஸ் ஒன்று போடுவார். சட்டசபையில் என்ன மசோதா வந்தது, அதில் அவர் என்ன பேசினார், எந்தச் சந்துக்குக் குழாய் வந்தது, கண் டாக்டர் என்றைக்கு வருகிறார் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு சைனப் மாமி வீட்டில் பெண்கள் ஜீன்ஸ் பேண்டுகளில் பிசிர்நூல் வெட்ட உட்காருவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து நோட்டீஸைத் தமிழில் சொல்லுவேன். கத்தரிக்கோல் சத்தம் நிற்காது. முடிந்ததும் மாமி தாளை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைப்பார். அதை மறுபடி யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக அப்படித்தான்.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. பத்தாவதில் எண்பத்தேழு சதவீதம். வாப்பா, "போதும், இனி உம்மாகூட வீட்டுல இரு" என்று சொல்லிவிட்டார். எனக்குப் போனும் கிடையாது. செம்பூரில் ஒரு காலேஜுக்கு ஆன்லைன் ஃபார்ம் போடவேண்டும், மெசேஜ் வருவதற்கு ஒரு நம்பர் வேண்டும் என்று சைனப் மாமியிடம்தான் சொன்னேன். மாமி என் கன்னத்தைத் தடவி, "என் நம்பரைப் போடு. ஒங்க வாப்பாவை நான் பாத்துக்குறேன்" என்றார். அன்றைக்கு மாமியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்புறம் தினமும் போய்க் கேட்பேன்.

"மெசேஜ் வந்துச்சா மாமி?"

"வந்தா ஒங்கிட்ட சொல்ல மாட்டேனா?"

மூன்று வாரம் கழித்து, மாமி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், நானே போனை எடுத்துப் பார்த்தேன். மெசேஜ் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சயின்ஸ் சீட் கிடைத்திருந்தது. மூன்று நாளுக்குள் போய் உறுதி செய்யவேண்டும் என்று இருந்தது.

மாமி திரும்பி வந்ததும் போனைக் காட்டினேன். முதலில் முகம் சிறுத்தது. அப்புறம் சிரித்துவிட்டார்.

"நான் பொய் சொன்னேனா? சொல்லல, அவ்வளவுதானே. ஒங்க வாப்பா எங்கிட்ட கெஞ்சிக் கேட்டாரு புள்ள. அதுவும் இல்லாம நீ காலேஜ் போயிட்டா எங்களுக்கு யாரு நோட்டீஸ் படிப்பா?"

பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. கட்டிலில் படுத்திருந்த ரவூப் மாமா மட்டும் சிரிக்கவில்லை. சைனப் மாமியின் புருஷன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் சண்டை போடவில்லை. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் நோட்டீஸில் ஆறு செய்திகள் இருந்தன. முதலாவது, வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கான ஒரு மசோதா. அது குழுவின் பரிசீலனைக்குப் போயிருக்கிறது என்றேன்.

"போயி எப்ப வருமாம்?" என்று ஜன்னலோரம் இருந்த ஷைஸ்தா லாத்தா கேட்டார்.

"அதைப் போடல லாத்தா."

"அப்ப எங்க வீட்டுக்காரரு துபாய் போன மாதிரிதான்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது சாக்கடை மூடி. மூன்றாவது ரேஷன் கார்டு முகாம். நாலாவது கக்கூஸ் மோட்டார். ஐந்தாவது எங்கள் சால் வீடுகளைப் பற்றியது. பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்வே. வீட்டுக்கு ஒரு ஆளாவது பேப்பர்களோடு இருக்கவேண்டும். பூட்டிய வீடு சேர்க்கப்படாது. ஆறாவதில் பத்தாவது பாஸானவர்களுக்கு மேடத்தின் வாழ்த்து. அதில் என் பெயர் இருந்தது.

நாலு முடிந்ததும் ஆறைப் படித்தேன்.

"நம்ம ஜுவைரியாவா! இன்னொரு தடவை படி" என்றார்கள். படித்தேன். சைனப் மாமி எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "வேற ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

"இருந்தா படிக்க மாட்டேனா மாமி?"

நான் பொய் சொல்லவில்லை. எனக்குக் கோபம் மாமியின் அந்த ஒரு வீட்டின்மேல்தான். ஆனால் எல்லாருக்கும் படிக்கிற செய்தியை ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படி மறைப்பது? வேறு வழி இருந்திருந்தால் செய்திருப்பேன்.

பதினெட்டாம் தேதி மும்ப்ராவில் ஷைஸ்தா லாத்தாவின் தம்பி நிக்காஹ். சாலில் எல்லாரும் போகவேண்டிய கல்யாணம், இரண்டு பஸ் பிடித்திருந்தார்கள். எங்கள் சாலுக்கு மழை முடிந்துதான் சர்வே வரும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். சைனப் மாமி புதுச் சேலையில் வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப நல்லதாப் போச்சு. மாமாவுக்கு ரெண்டு மணிக்குச் சோறு மட்டும் போட்டுரு கண்ணு. கதவைச் சும்மாதான் சாத்தியிருக்கேன்."

பதினொன்றரை மணிக்கு சந்து முனையில் சர்வேக்காரர்களின் குரல் கேட்டது. இரண்டு ஆண், ஒரு பெண். பூட்டு, பூட்டு, பூட்டு என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். சாத்தியிருக்கிற கதவை அவர்கள் தட்டுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரவூப் மாமா பதில் சொல்வார். இத்தனையும் செய்து, சைனப் மாமிக்கு மட்டும் வீடு கிடைத்துவிடும். அது நியாயமில்லை.

எங்கள் வீட்டுப் பூட்டை எடுத்துப்போய் பதினேழாம் நம்பர் கதவில் போட்டேன். சத்தம் வராமல்தான் அமுக்கினேன். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரம்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றேன்.

வாப்பாவின் பேப்பர்களைக் காட்டினேன். அந்தப் பெண் போட்டோ எடுத்தார், "ஹுஷார் முல்கி", கெட்டிக்காரப் பொண்ணு என்று என்னைப் பாராட்டினார். அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "ஜுவைரியா, யாரும்மா வந்திருக்கா?" என்று மாமா கேட்டார்.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டார்.

இல்லை, அது கோடவுன், ரேடியோ ஓடுகிறது என்று மராத்தியில் சொன்னேன். மாமாவுக்கு மராத்தி நன்றாகப் புரியும். இருபது வருஷம் மராட்டி மேஸ்திரிகளோடு வேலை பார்த்தவர்.

"ஜுவைரியா" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை மெதுவாக, கேள்வி கேட்பதுபோல. அப்புறம் கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குப் பூட்டைத் திறந்து சோறு போட்டேன். மீன் குழம்பு. மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி என் விரலில் இருந்தது. "யாரு வந்துட்டுப் போனது?" என்று கேட்டார். லைட் மீட்டர்காரர்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

இன்றைக்குப் பட்டியல் வந்தது. பதினேழுக்கு எதிரே கூடுதலாக ஒரு வரி இருந்தது, குடியிருப்பு அல்ல, பக்கத்து வீட்டார் சொன்ன தகவல் என்று. அதை நான் படிக்கவில்லை. ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் டைம் உண்டு, சாட்சி வேண்டும் என்பதைப் படித்தேன். நான் கெட்டவள் என்றால் அதையும் விட்டிருப்பேன்.

ஷைஸ்தா லாத்தா என்னை உலுக்கினார். "நீ இங்கதானே இருந்தே? ஒரு போன் அடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கிட்ட ஏது லாத்தா போன்?"

வாப்பா தரையைப் பார்த்தார்.

சைனப் மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "காலையில எங்கூட மேடம் ஆபீசுக்கு வா. மாமா உள்ள இருந்ததை நீ எழுதிக் கொடு. எங்க ஒரு வீட்டுக்கு முடிவு மாறிச்சுன்னா அதை வச்சு மத்தவங்களும் கேக்கலாம். நீதான் சாட்சி."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அங்கே அந்த சர்வே பெண்ணையும் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

அதற்குள் பெண்கள் எல்லாரும் சைனப் மாமி வீட்டுக்குள் போய் ரவூப் மாமாவின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன். ஓடுவதற்கும் வழி இல்லை, பின்னால் அவ்வளவு கூட்டம். "அன்னிக்கு யாராச்சும் கதவைத் தட்டுனாங்களா? வெளியில பேச்சுக் கேட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சைனப் மாமி அவரைப் போட்டு உலுக்கினார்.

மாமா கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பார்த்தார். அப்புறம் மாமியிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு நான் நல்லாத் தூங்கிட்டேன்" என்றார்.

அவர் வீடும்தான் போகிறது. கட்டிலோடு அவரை எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அவருக்கும் தெரியாது. இவ்வளவு நேரமாக உட்கார்ந்து யோசிக்கிறேன். என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்ட மனுஷன், தூங்கிவிட்டேன் என்று ஏன் சொன்னார்?